படுத்துப் பார்த்து வாங்கிய இயர்பட்ஸ்

அந்த வீட்டில் அப்பாவுக்குப் பகல்தான் ராத்திரி. விடிய விடிய பஸ் ஓட்டிவிட்டு, ஊரே பல் தேய்க்கிற நேரத்தில் வந்து படுப்பார். அவர் தலையணையில் தலை வைப்பதற்கும் கீழே பெட்டி மாமாவின் பட்டறை திறப்பதற்கும் சரியாக இருக்கும்.

பெட்டி மாமா தகரப் பெட்டி செய்கிறவர். காலையில் சுத்தியல்: டங், டங், டணார்! மதியத்துக்கு மேல், விளிம்பு தேய்க்கிற மெஷின்: ஙொய்ய்ய்ங்! அப்பா ஒரு காதைத் தலையணையில் அமுக்கி, இன்னொரு காதைக் கையால் மூடிக்கொண்டு புரளுவார்.

போன வாரம் சிக்னலில் பச்சை விழுந்தும் அப்பாவின் பஸ் நகரவில்லை. ஒரு பயணி தோளைத் தட்டிய பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது" என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா பர்ஸை எடுத்தாள். "வெளியில இருந்து வர்ற சத்தத்தை அடக்குற இயர்பட்ஸ் வந்திருக்காமே. கையைக் கடிக்காத விலையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

அண்ணனும் குண்டூசியும் கிளம்பினார்கள். குண்டூசி என்பது தங்கச்சியின் பட்டப்பெயர். ஆளும் ஒல்லி, கேட்கிற கேள்வியும் குத்தும்.

கடைக்குள் நுழைந்ததும் அண்ணனின் கண் நீல விளக்கு மினுக்குகிற ஒரு ஜோடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"இதைப் பாரு! பாட்டு போட்டா நெஞ்சே அதிரும்!"

"அப்பா தூங்கறதுக்கு நெஞ்சு எதுக்குண்ணா அதிரணும்?"

கடைக்கார அக்கா சிரித்துக்கொண்டே அதைக் குண்டூசியின் காதில் மாட்டிவிட்டாள். "பாரு, சத்தமே இல்ல."

"கடையிலயே சத்தம் இல்லையேக்கா. இங்க பஞ்சை வெச்சாலும் இப்படித்தான் இருக்கும்." குண்டூசி சுற்றும் முற்றும் பார்த்தாள். "இந்த பெஞ்சுல கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அப்பா ஒருக்களிச்சுத்தான் தூங்குவாரு. அதான்."

பையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். அண்ணன் இவள் யாரென்றே தெரியாதவன் போல, சுவரில் தொங்கிய போன் உறைகளை எண்ண ஆரம்பித்தான்.

"ஆ! வால் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, அது கன்னத்துல குத்துது."

அடுத்ததும் குத்தியது. கடைசியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று வந்தது. விளக்கு இல்லை, பளபளப்பு இல்லை, விலையும் குறைவு. படுத்தால் காதில் இருப்பதே தெரியவில்லை.

"இதைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கட்டுமாக்கா?"

கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும், வாசலில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா பட்டனைத் தொட்டதும் அந்த உறுமல் எங்கேயோ தூரத்தில் போய் அடங்கிவிட்டது. ஆனால் எதிர்க்கடையில் தச்சர் ஒருவர் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். டொக், டொக், டொக். அது முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது!

"அக்கா, சுத்தியல் கேக்குதே!"

"ஒரே சீரா ஓடுற சத்தத்தைத்தான் இது நல்லா அடக்கும். திடீர் திடீர்னு அடிக்கறதை முழுசா அடக்காது."

கண்ணாடி அலமாரியில் இருந்த விலை கூடியதையும் மாட்டிப் பார்த்தாள். ஆணிச் சத்தம் கொஞ்சம் மங்கியது. ஆனாலும் கேட்டது.

"அப்ப எதுக்கு வாங்கணும்? வா, போலாம்." அண்ணனின் முகம் தொங்கிவிட்டது.

குண்டூசி ஒரு நிமிஷம் யோசித்தாள். "அந்தச் சின்னதையே குடுங்கக்கா. மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

"யாருகிட்ட?"

"சுத்தியலுகிட்ட."

வீட்டுக்குப் போகிற வழியில் நேராகப் பட்டறைக்குள் நுழைந்தாள்.

"மாமா, ஏன் தினமும் காலைலயே தட்டறீங்க?"

பெட்டி மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். "எல்லாம் உங்கப்பாவுக்காகத்தான். அவர் வந்து படுக்கற நேரத்துல மெஷினைப் போட்டா தூக்கம் கெடுமே. சுத்தியல்னா பரவால்லன்னு நெனச்சேன்."

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டான். குண்டூசி சிரிக்கவில்லை.

"நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க மாமா. ஆனா இனிமே மாத்திச் செய்ய முடியுமா? காலைல மெஷின், சாயங்காலம் சுத்தியல்."

"நேத்து தட்டினதை இன்னைக்குக் காலைல தேய்ச்சாப் போச்சு. ஆனா மெஷின் மட்டும் என்ன தாலாட்டா பாடுது?"

குண்டூசி புது இயர்பட்ஸை அவர் காதில் மாட்டி, மெஷினைப் போடச் சொன்னாள். மெஷின் சுற்றியது. மாமாவின் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"மெஷின் ஓடுதா இல்லையா?" என்று அவர் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை. "இதை மாட்டிக்கிட்டா அப்பாவை எழுப்பற கடிகாரம் கீச்சுன்னு கத்தறது கேக்குமா? சாயங்காலம் நானும் வேலையில இருப்பேன். எழுப்பறது யாரு?"

"அதுக்கும் சேர்த்துத்தான்மா ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

மறுநாள் காலை கீழே ஙொய்ய்ய்ங் என்று மெஷின் ஓடியது. மேலே அப்பா ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்து தூங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படியே தூங்கினார். திரும்பி வந்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தபோதும் அதே தூக்கம்.

டங்!

அப்பா கண்ணைத் திறந்தார். சிவப்பே இல்லாத கண். எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தார்.

"டியூட்டிக்கு நேரம் சரியாத்தான் இருக்கு. யாரு எழுப்பினது?"

"எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும் அடக்க முடியாத அலாரம்ப்பா" என்றாள் குண்டூசி.

அப்பா எழுந்துவிட்டாரா என்பது கீழே இருந்த பெட்டி மாமாவுக்குத் தெரியாதே. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தட்டு தட்டினார்.

டணார்!