தலைமாறிக் கிடந்த கிளிப்

ராபின்சன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, ஓய்வுபெற்ற ஏட்டு பொன்னப்பனின் முற்றத்தில் நிறுத்தினார். ஐம்பத்திநாலாம் வருஷம். தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. போராட்டக்காரர்களின் சேதிகளைச் சுமந்தது அந்த வண்டிதான்.

"பாறசாலையில இன்ஸ்பெக்டர் பரிசோதிச்சாரு ஏட்டையா. செயின் தேஞ்சு போச்சு, ஓட்டப்படாதுன்னுட்டாரு. போன மாசம் மெக்கானிக்கு தாணு மாட்டின புதுச் செயினாக்கும்! சனியாழ்ச்ச பஞ்சர் ஒட்ட அவனுக்க கடையில விட்டேன். போலீசுக்கு விலைபோயி மாத்திப்போட்டான். போராட்டப் பயலுவகிட்ட சொல்லியாச்சு, மூணு மணிக்கு மேல அவனுக்க கடை இருக்காது. செயினு மாறினதுக்கு நீங்க பாத்து சாட்சி நிக்கணும்."

பொன்னப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மணி இரண்டு. அந்தப் பட்டறையை விட்டால் தாணுவுக்கு வேறு கதியில்லை. அவர் குனிந்து செயினைத் தூக்கிப் பார்த்தார். விரலில் தேங்காய் எண்ணெய் மணத்தது.

"தாணுதான், சந்தேகமே இல்ல," என்றான் அங்கே நின்ற பொன்னப்பனின் மைத்துனன் செல்லசாமி. அவனுக்கு எப்போதும் அவசரம்தான்.

"போன மாசம் கழட்டின பழைய செயினை தாணு என்ன செய்தான்?" என்று கேட்டார் பொன்னப்பன்.

"எனக்க வீட்டில குடுத்தான். மாத்தின சாமானை அவன் வச்சுக்கிட மாட்டான்," என்றார் ராபின்சன்.

மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே ராபின்சனின் வீட்டுக்கு விரைந்தார்கள். வேலிப்படலில் புதுக் கயிறு கட்டியிருந்தது. அவிழ்க்கச் செல்லசாமி திணறினான். கயிற்றின் கீழே மரத்தூணில் துருக்கறை.

ராபின்சனின் மனைவி ஜெயபாய் வாசலுக்கு வந்தாள். பொன்னப்பன் வண்டியின் செயினைச் சுட்டிக்காட்டினார்.

"செயினை இணைக்கிற கிளிப்புக்கு மூடின முனை ஓடுற திக்கில இருக்கணும் ராபின்சா. இதில தலைமாறிக் கிடக்கு. தாணு கண்ணை மூடிக்கிட்டு மாட்டினாலும் இப்பிடி மாட்டமாட்டான். கிரீசுக்குப் பதிலா சமையல் எண்ணெய். இந்தப் படலைக் கட்டியிருந்த பழைய செயின் எங்க மக்கா?" என்று ஜெயபாயிடம் திரும்பினார்.

ஜெயபாய் கணவனைக் கைகாட்டினாள்.

"நேத்து இவிய கூட்டத்துக்கு நடந்து போன நேரம், வண்டி ஓடாம கிடக்கட்டும்னு நான்தான் மாத்தினேன். புதுசு அரிசிப் பானைக்குள்ள உண்டு. எனக்க அண்ணன் ஊர்வலத்துக்குப் போனான், போலீசு சுட்டுப் பொணமாத் துணியில பொதிஞ்சு கொண்டுவந்தாவ. அடுத்தது இவியளா?"

ராபின்சனின் முகம் வெளுத்தது.

"பயலுவகிட்ட தாணுவுக்க பேரை நானில்லா சொன்னேன்!"

"தாணு அண்ணனுக்க பேரையா?" ஜெயபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பின் பானையைக் கவிழ்த்து, அரிசி ஒட்டிய செயினை நீட்டினாள். "மாட்டுங்க. வண்டியில சீக்கிரம் போலாம்."

"அதுக்கு நேரமில்ல," என்று ராபின்சன் தாணுவின் கடையை நோக்கி ஓடத் தொடங்கினார்.

செயினைக் கையில் பிடித்தபடியே ஜெயபாயும் பின்னால் ஓடினாள்.