மூலையில் ஒரு ஜாம் பொட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் தேத்தண்ணிக்கு முன்னால் கொதித்தது ஷாமளாதான். சாப்பாட்டு மேசையில் இருந்த அன்னாசி ரவைக் கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய், பின் சமையலறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா அம்மா இன்னிக்கித்தான் முதல் தடவையா இங்க வர்றாங்க. அடிபட்ட பழம், விரிசல் விட்ட முட்டை... இதுல சுட்டத அவங்க முன்னால வைக்க முடியாது. நான் வெளியில ஒரு நல்ல கேக் சொல்லி வாங்கிட்டேன்."

தப்பா எடுத்துக்காதீங்க என்று ஆரம்பிக்கிற பேச்சை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வதாம்? கேட்க வாயெடுத்த மூத்த ஓரகத்தி சந்திரமதி, தேத்தண்ணியைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள்.

பதினேழு வருஷத்துக்கு முன் கனகராஜுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் சிங்கப்பூர் எல்லைப் பக்கம் இருக்கும் இந்த பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு வந்தபோது, கொழுந்தன் ரூபன் என்கிற ரூபேந்திரனுக்குப் பதின்மூன்று வயது. தாயில்லாப் பிள்ளை. அவனுக்குச் சோறு போட்டு, சட்டை தேய்த்து, பரீட்சைக்கு அனுப்பி ஆளாக்கியவள் அவள்தான். ரெண்டு வருஷத்துக்கு முன் அவன் சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஷாமளாவை விரும்பிக் கட்டிக்கொண்டான். சிரம்பானில் இருக்கும் பெண் வீட்டாருக்குக் கோபம். அந்தக் கோபம் ஆறி, இன்றைக்குத்தான் கிளம்பி வருகிறார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு புது கேஸ் அடுப்பு, பெட்டியோடு. அடுத்த மாசத்திலிருந்து தாங்கள் தனியாகச் சமைத்துக்கொள்வதாக ஷாமளா வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள். இந்தக் கஞ்சத்தனத்தை இனிமேலும் பொறுக்க முடியாதாம். ரூபன் வாயைத் திறக்காமல் போனையே தடவிக்கொண்டிருந்தான். ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு எரிந்தால் தன் கையால் அவன் சாப்பிடுவதும் நின்றுபோகும்; அதைத்தான் சந்திரமதியால் தாங்க முடியவில்லை.

அவள் சிக்கனக்காரிதான், இல்லை என்று யார் சொன்னது? அன்னாசித் தோட்ட ஊரான பெக்கான் நானாஸ் பக்கம் போனால் ரோட்டோரக் கடையில் அடிபட்ட அன்னாசியாகப் பொறுக்குவாள். மூன்று பழம் ஐந்து வெள்ளி. சதை கேக்குக்கு, நடுத்தண்டு ஜாமுக்கு. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக்கூட வறுத்து பிஸ்கட்டில் போட்டுவிடுவாள். ஒருமுறை ஓவன் சூடானால் உள்ளே நாலு சாமான் வேகாமல் அது அணையாது. கேக் சுடும் தட்டு பழைய சாமான் சந்தையில் ரெண்டு வெள்ளிக்கு வாங்கியது. அதன் அடியில் ஒரு மூலை உள்பக்கமாக நசுங்கியிருக்கும். கேக்கைக் கவிழ்த்தால் மேலே அந்த இடத்தில் கட்டைவிரல் அளவு பள்ளம் விழும். அதில் ஒரு கரண்டி ஜாமை வைத்து மூடிவிடுவாள்.

ஷாமளாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சனிக்கிழமைகூட விடிகாலை நாலரைக்கு வேலைக்குச் சிங்கப்பூர் பஸ் ஏறி இருட்டின பிறகு திரும்புகிறவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வரிசை லோஷினி ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு சந்திரமதியை விடவே இல்லை. சுட்டுக் கொடுத்தால் போதும், பெட்டி, ரிப்பன், போட்டோ, விற்பனை எல்லாம் தன் பொறுப்பு என்றாள். ஒன்றரை வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நாலு கேக். பெயரை மட்டும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சந்திரமதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நம்ம வீட்டுக் கேக்கை வெளியாளுக்குக் கொடுத்தால் சிரிப்பார்கள் என்று ஷாமளா ஒரு நாள் சொன்னது மனதில் தைத்திருந்தது. வந்த காசு அரிசியாகவும் எண்ணெயாகவும் வீட்டுக்குள்தான் வந்தது. அது கனகராஜுக்கு மட்டும் தெரியும்.

நாலு மணிக்கு ஷாமளாவின் அப்பா தேவானந்தனும் அம்மா ஞானேஸ்வரியும் வந்து இறங்கினார்கள். ஷாமளா ரோஸ் ரிப்பனை அவிழ்த்து, பெட்டியைத் திறந்தாள். ஆபிஸ் சிநேகிதி வழியாகச் சொல்லி வாங்கியது, எண்பது வெள்ளி, இந்த வட்டாரத்திலேயே பேர்போன கேக் என்றாள்.

சந்திரமதி தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பெட்டிக்குள்ளே, ஒரு மூலையில் ஜாம் பொட்டோடு, நேற்றுக் காலை பதினோரு மணிக்கு அவள் கவிழ்த்த கேக்!

ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் காலையில் பட்ட அவமானத்துக்கெல்லாம் வட்டியோடு சேர்த்து வாங்கிவிடலாம். ஆனால் கேக்கை வெட்டும்போது ஷாமளாவின் கண் கத்தியில் இல்லாததைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெண். அம்மாடி, ரெண்டு வருஷமாக எவ்வளவு ஏங்கியிருக்கிறாள்! சந்திரமதிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"உங்களுக்குன்னு ஒரு வாரமா தேடி வாங்கியிருக்காங்க உங்க மக," என்றாள் தேவானந்தனிடம். ஷாமளா சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

ஞானேஸ்வரி ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின் சமையலறைக்குப் போனார். கழுவிக் கவிழ்த்த கேக் சுடும் தட்டு அங்கேதான் இருக்கிறது என்பது சந்திரமதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடினாள். அதற்குள் அந்த அம்மாள் தட்டைக் கையில் எடுத்து, நசுங்கின மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஜாமை வழிச்சுப் பார்த்தனான். கீழ ஒரு பள்ளம். இந்தத் தட்டிலயும் அதே இடத்தில நெளிவு. உண்மையைச் சொல்லு, அந்தக் கேக் ஆர் செய்தது?"

சந்திரமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள கும்பிட்டுக் கேக்கிறேம்மா... ஷாமளாகிட்ட சொல்லிடாதீங்க. ஆசையா வாங்கிட்டு வந்திருக்கு. மொகம் வாடிடும்."

எச்சில் தட்டுகளோடு சமையலறை வாசலில் நின்ற ஷாமளா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நேரே போய் அலமாரியைத் திறந்தாள். காலையில் ஒளித்துவைத்த கேக்கின் ஜாமைக் கரண்டியால் விலக்கினாள். அதே மூலை. அதே பள்ளம்.

முதலில் சிரித்தது ஞானேஸ்வரிதான். "அலமாரிக்குள்ள இருந்த கேக்கை என்ர மகள் எண்பது வெள்ளி குடுத்து வெளியில வாங்கியிருக்கிறாள்! ஏனடி, நீ ஆரின்ர சிக்கனத்தில படிச்சனி? கறுத்த வாழைப்பழமாப் பார்த்து வாங்கித்தானே நான் உனக்குப் பலகாரம் சுட்டனான்?"

ஷாமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. "அதான் சாமான் விலை இவ்வளவு ஏறியும் வீட்டுச் செலவுக்கு என்கிட்ட ஒரு வெள்ளி கூட்டிக் கேக்கலையா... உங்களப் போய் கஞ்சம்னு சொன்னேனே அக்கா. எல்லார் முன்னாலயும் என் மானத்த வாங்கியிருக்கலாமே, ஏன் சொல்லல?"

"நீ யாரு, வெளியாளா? உன் மானம் போனா எனக்கு மட்டும் மிஞ்சுமா?"

அவ்வளவுதான். ஷாமளா அவள் தோளில் விழுந்து விசும்பினாள். சந்திரமதியும் அழுதாள். ரெண்டு வருஷத்து அழுகை, லேசில் நிற்குமா? ஞானேஸ்வரி பாவம், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

சத்தம் கேட்டு வந்த ரூபனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நேரே போய் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்தான். "அன்னிக்கே நான் வாயத் திறந்திருக்கணும், அண்ணி. நாளைக்கே இத கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

சந்திரமதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பெட்டியப் பிரிச்சுட்டியா?"

"பிரிச்சாச்சு."

"பிரிச்சதுக்குப் பாதி விலைதான் தருவான். யாரு வீட்டுக் காசு அது? பின்னால கொண்டுபோய் வை. சனிக்கிழமையில ஒத்தை அடுப்ப வச்சுக்கிட்டு ஜாம் கிண்ட நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

சிரம்பானுக்குத் திரும்பும்போது அலமாரிக் கேக் ஞானேஸ்வரியின் மடியில் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் புது அடுப்பில் அன்னாசி ஜாம் கிண்டியது ஷாமளா. கையில் தெறித்ததற்கு அவள் போட்ட கூச்சல் லோஷினி வீடு வரை கேட்டது. அன்று ஐந்து கேக். நாலு, லோஷினியின் பெட்டிகளுக்குள் போயின. ஐந்தாவதைத் தன் கையாலேயே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள் ஷாமளா. சந்திரமதி ஜாம் கரண்டியோடு வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"இது நம்ம வீட்டுக்கு, அக்கா. பள்ளம் தெரியட்டும்."