கண்ணாடிக்கு வெளியே பெய்யாத மழை

ஷர்மிளா பானு பையிலிருந்து கருகிப்போன சர்க்யூட் போர்டு ஒன்றை எடுத்து மேசைமேல் போட்ட வேகத்தில் டீ கிளாஸ் குலுங்கியது. பக்கத்தில் ஒரு கறுப்பு அடாப்டரையும் வைத்தாள். தீய்ந்த பிளாஸ்டிக் வாடை அறையில் பரவியது.

"நான் அழுறதுக்கு வரல மேடம். இதை யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்."

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில் இருந்தது ரேணுகாதேவியின் துப்பறியும் அலுவலகம். சப்-இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வருபவை பெரும்பாலும் கல்யாண விசாரணைகள்தான். மாப்பிள்ளை குடிப்பாரா, துபாயில் சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்பது போன்றவை. அவருக்கு உதவியாக இருந்த சபீர் குவைத்திலிருந்து திரும்பியவன். சிசிடிவி கேமரா மாட்டுவது தொழில். குற்றவாளியைத் தானே முதலில் பிடித்துவிட வேண்டும் என்பது ஆசை.

"உக்காரும்மா. முதல்ல இருந்து சொல்லு," என்றார் ரேணுகாதேவி.

அவள் நின்றபடியே சொன்னாள். திருச்சுழி சாலையில் உள்ள தனியார் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். கலையும் தொழில்நுட்பமும் சேர்ந்த மாணவர் கண்காட்சிக்காக 'கரிசல் மழை' என்று ஒன்றைச் செய்திருந்தாள். தறியில் நெய்த அகலமான வெள்ளைத் துணி. அதன் பின்னால் வரிசை வரிசையாகப் பொடி விளக்குகள். ஆள் இல்லாதபோது துணி இருண்டு கிடக்கும். யாராவது அருகே வந்தால், உடம்புச் சூடு அசைவதைச் சென்சார் கண்டுகொள்ளும். உடனே மேலிருந்து ஒளித்துளிகள் மழையாக இறங்கும். ஆள் அசையாமல் நின்றுவிட்டால் மழையும் ஓய்ந்துவிடும். தூறல் எப்படித் தொடங்க வேண்டும், எப்படி வலுக்க வேண்டும் என்பதற்கான புரோகிராமை அவளே எழுதி, அழித்து, திரும்ப எழுதியிருந்தாள்.

"முந்தின நாள் சாயங்காலம் நல்லா ஓடுச்சு மேடம். ராத்திரி முழுக்கத் தாங்குதான்னு பாக்க ஆன்லயே விட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். காலைல வந்தா சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்துச்சு. கூட்டுற அக்கா அமத்தியிருப்பாகன்னு நினைச்சேன். சிறப்பு விருந்தினர் வந்து நின்னாரு. சுவிட்சைப் போட்டேன். குப்புனு புகை. துணி பத்திக்கிருச்சு."

"அடாப்டர்?"

"மாறியிருந்துச்சு. என் மழைக்கு அஞ்சு வோல்ட்டு போதும். இது பன்னெண்டு. பின்னு ஒரே அளவு, அதனால சொருகிருச்சு. ஆனா என்கிட்ட பன்னெண்டு வோல்ட் அடாப்டரே கிடையாது! பிரின்சிபால் அத்தனை பேருக்கு முன்னாடி, 'வோல்ட் கூடத் தெரியாத பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை'ன்னாரு. இப்ப சஸ்பெண்ட். எங்க அத்தா மஸ்கட்டுல இருந்து போன் போட்டு, படிச்சது போதும்னு சொல்லிட்டாக."

"யார் மேல சந்தேகம்?"

"எங்க கிளாஸ் வீரபாண்டி. தானாத் தண்ணி பாய்ச்சுற மெஷின் செஞ்சிருந்தான். என்னோடது இல்லேன்னா அவனுக்குத்தான் பரிசு. சட்டையைப் பிடிச்சே கேட்டுட்டேன். செய்யலைன்னு சாதிக்கிறான்."

"அப்ப அவன்தான் அக்கா. போய்த் தூக்கிருவோம்," என்றான் சபீர்.

ரேணுகாதேவி அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் ஒரு பக்கத்தில் வெளிர்நீலப் பெயிண்ட் துளிகள் காய்ந்திருந்தன.

"கண்காட்சி ஹாலுக்கு என்ன பெயிண்ட்?"

"வெள்ளை."

"உன் புரோகிராம் வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"கைடு ஐயாத்துரை சார்கிட்ட. பத்திரமா இருக்கட்டும்னு முழுசா வாங்கி வச்சிக்கிட்டாரு. மழை பெய்யறதை வீடியோவும் எடுத்தாரு."

மறுநாள் மூவரும் கல்லூரிக்குப் போனார்கள். சாலையின் இருபுறமும் சீமைக்கருவேல் மண்டிய கரிசல் வெடித்துக் கிடந்தது. சஸ்பெண்ட் ஆன மாணவியை உள்ளே விட முடியாது என்றார் முதல்வர். தீ விபத்து பற்றிப் போலீசில் புகார் கொடுப்பதைவிட இங்கேயே விசாரித்துவிடுவது நல்லதல்லவா என்று ரேணுகாதேவி தணிந்த குரலில் கேட்டதும், கதவு திறந்தது. ஷர்மிளாவை மட்டும் வராந்தாவிலேயே நிற்க வைத்தார்கள்.

"சீக்கிரம் முடிங்க. ஐயாத்துரை சாரோட படைப்பு ஒண்ணு சென்னைக் கலை விழாவுக்குத் தேர்வாகியிருக்கு. வெள்ளிக்கிழமை கிளம்புறார். காலேஜுக்கே பெருமை. இந்த நேரத்துல இப்படி ஒரு வம்பு," என்றார் முதல்வர்.

பக்கத்தில் நின்ற ஐயாத்துரை நிதானமாகப் பேசினார்.

"நல்ல பொண்ணுதான் மேடம். அவசரக்காரி. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புறப்ப ஹால் பக்கம் போனேன். பூட்டியிருந்துச்சு, உள்ள யாரும் இல்ல. சாவி என்கிட்டதான், இருந்தும் நான் திறக்கல. கண்ணாடிக் கதவுக்கு வெளியில நான் போய் நின்னதும் மழை பெஞ்சுது. கையை ஆட்டினேன், வலுத்துச்சு. சரி, நல்லா ஓடுதுன்னு போயிட்டேன். அப்ப காலைலதான் அவ எதையோ மாத்திச் சொருகியிருக்கணும்."

"இல்லேன்னா கூட்டுற பொம்பள பிளக்கை மாத்தியிருப்பா," என்றார் முதல்வர். "அவளையும் வர வேண்டாம்னுட்டோம்."

கூட்டும் வேலை பார்த்த ஒச்சம்மாளைக் கல்லூரி வாசல் டீக்கடையில் பிடித்தார்கள். பேசத் தொடங்கியதுமே வெடித்தாள்.

"நான் ஏன் தொடப்போறேன்? கூட்டிக்கிட்டே போனா எம்மேலயும் மழை பெஞ்சுச்சு. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன், அதுக்கும் எனக்கு உரிமை இல்லையா? பெறகு வெளிய வந்து பூட்டி, சாவியை ஐயாத்துரை சார் கையில குடுத்தேன். சுவிட்சுப் பக்கமே போகல. வேலைய விட்டு நிப்பாட்டினாகளே, ஒரு வார்த்த கேட்டாகளா?"

ஹாலுக்குப் போகும் வராந்தாவில் ஒரு கேமரா இருந்தது. சபீர் ஏணி போட்டு ஏறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"கரண்டே வரல அக்கா. செத்துப்போன கேமரா. ரிப்பேர்னு முதல்வர் சொன்னாரே, சரிதான்."

"வயர் எங்க போகுது?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம். ஸ்டாஃப் ரூமுக்குள்ள."

ஆசிரியர் அறைச் சுவர் வெளிர்நீலம். கேமராவின் வயர் வந்து இறங்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. அதைச் சுற்றி, பெயிண்ட் படாத ஒரு சின்னச் சதுரம் பழைய சுவரின் நிறத்தில் தெரிந்தது. அந்த அறைக்குள் மாணவர்கள் நுழைவதில்லை என்று அங்கிருந்த ஆசிரியை சொன்னார். அந்த அறையின் சாவி ஐயாத்துரையிடம் ஒன்று, ஒச்சம்மாளிடம் ஒன்று.

ரேணுகாதேவி வராந்தாவில் நின்ற ஷர்மிளாவையும் ஹாலுக்குள் அழைத்துக்கொண்டார். "அந்த மழையை நான் பாக்கணும்," என்றார்.

துணியில் பாதிதான் எரிந்திருந்தது. மீதி விளக்குகளை இயக்கலாம். ஆனால் போர்டு வேண்டும். ஷர்மிளா திகைத்து நின்றபோது வீரபாண்டி வந்தான். தன் மெஷினிலிருந்தே போர்டையும் அடாப்டரையும் கழற்றி எடுத்து வந்திருந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏலே தம்பி, நீயா குடுக்குற?" என்றான் சபீர்.

"எம்மேல சந்தேகம்னா, அது ஓடிப்பாத்துத்தான தீரணும்? எடுத்துக்கச் சொல்லுங்க. ஆனா எங்கூட அவ பேசக் கூடாது."

ஷர்மிளா தன் லேப்டாப்பிலிருந்து புரோகிராமை ஏற்றினாள். கருகிய துணியின் கீழ்ப்பாதி இருளில் கிடந்தது. சபீர் உள்ளே ஓர் எட்டு வைத்ததும் ஒளித்துளிகள் சரசரவென்று இறங்கின. அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டான். மழை ஓய்ந்தது.

ரேணுகாதேவி எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். கதவருகே போய் நின்றார். கையை ஆட்டினார். இரண்டு கைகளையும் ஆட்டினார். துணி இருண்டே இருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்றான் சபீர்.

"இல்லண்ணே," என்றாள் ஷர்மிளா. "இந்தச் சென்சாருக்கு உடம்புச் சூடுதான் தெரியும். கண்ணாடி அந்தச் சூட்டை மறைச்சிரும். ஆளு உள்ளதான் வரணும்."

ரேணுகாதேவி கதவைத் திறந்து ஓர் அடி உள்ளே வைத்தார். மழை இறங்கியது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "முதல்வரையும் ஐயாத்துரையையும் கூப்பிடு சபீர்," என்றார். "ஒச்சம்மாளையும் உள்ள கூட்டிட்டு வா. வாட்ச்மேன் தடுத்தா நான் சொன்னேன்னு சொல்லு."

எல்லோரும் ஹாலில் கூடினார்கள். முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். ஒச்சம்மாள் சுவரோரம் நின்றாள்; ரேணுகாதேவி தன் நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டார்.

"சபீர், அந்த வராந்தா கேமராவுக்கு எத்தனை வோல்ட் வேணும்?"

"பன்னெண்டுக்கா. எல்லாக் கேமராவுக்கும்..." என்று தொடங்கியவன் அப்படியே நிறுத்தினான். பிறகு ஏறக்குறையக் கத்தினான். "அக்கா! கேமராவோட அடாப்டர்!"

"ஆமா. கேமரா ரிப்பேர் இல்ல. அதோட அடாப்டரைப் பிடுங்கிட்டாங்க. ஸ்டாஃப் ரூம் சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சப்ப அது பிளக்குலயே இருந்திருக்கு. அதான் அதுமேல நீலத் துளி, சுவத்துல பெயிண்ட் படாத சதுரம். கேமரா கண்ணும் மூடிச்சு, மழையை எரிக்கப் பொருளும் கிடைச்சுது. ஒரே கை, ஒரே வேலை." அடாப்டரை முதல்வர் முன் நீட்டினார். "இதை எடுத்தவங்க ஸ்டாஃப் ரூமுக்குள்ள தாராளமாப் போய்வரக்கூடியவங்க. அங்க வீரபாண்டி போக முடியாது. ஷர்மிளாவும் போக முடியாது."

"அப்ப இவதான்," என்று முதல்வர் ஒச்சம்மாளைப் பார்த்துக் கை நீட்டினார்.

"கையை இறக்குங்க சார்," என்றார் ரேணுகாதேவி. குரல் உயரவில்லை, ஆனால் முதல்வர் கையை இறக்கினார். "ஐயாத்துரை, முன்னாடி சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. பூட்டின கதவுக்கு வெளிய நின்னீங்க. என்ன நடந்துச்சு?"

"மழை பெஞ்சுது. அதான் சொன்னேனே."

"உள்ள யாருமே இல்ல?"

"இல்ல."

ரேணுகாதேவி எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே எல்லோரும் அசையாமல் இருக்கும்படி சபீர் கேட்டுக்கொண்டான். துணி மெல்ல இருண்டது. கண்ணாடிக்கு வெளியே ரேணுகாதேவி நடந்தார், கையை வீசினார், நின்றார். ஒரு துளி கூட இறங்கவில்லை. பிறகு கதவைத் திறந்தார். அவர் காலடி உள்ளே பட்டதும் மழை கொட்டியது.

ஐயாத்துரை ஓர் அடி பின்வாங்கினார்.

"உங்கமேல மழை பெஞ்சது உண்மைதான். ஆனா நீங்க நின்ன இடம் உள்ள. ஒச்சம்மாள் குடுத்த சாவியால திறந்து வந்தீங்க. சுவிட்சை அமத்தி, அடாப்டரை மாத்திட்டுப் போனீங்க. காலையில இந்தப் பிள்ளை சுவிட்சைப் போட்டு, தன் கையாலயே தன் வேலையை எரிக்கணும். அதுக்கப்புறம், பூட்டின பிறகும் நல்லா ஓடுச்சுன்னு ஒரு சாட்சி வேணும். அதுக்காக, உள்ள பாத்த மழையை வெளியில நின்னு பாத்ததாச் சொன்னீங்க."

"நான் ஏன் என் மாணவி வேலையைக் கெடுக்கணும்?"

"வெள்ளிக்கிழமை சென்னைக்குக் கொண்டுபோறீங்களே, அது என்னன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."



"சொல்லுங்க சார்," என்றார் முதல்வர், முதல் முறையாகக் குழம்பி.

ஐயாத்துரை தரையைப் பார்த்தார். "துணி... விளக்கு. ஒரு மழை மாதிரி."

ஷர்மிளா பானு எழுந்துவிட்டாள். மடியிலிருந்த லேப்டாப் சரிந்ததை வீரபாண்டி பாய்ந்து பிடித்தான்.

"என் மழை சார் அது! பத்திரமா இருக்கட்டும்னு கேட்டீங்களே! இங்க அது ஓடி, பேப்பர்ல படம் வந்தா மாட்டிக்கிருவீங்க, அதான? அதுக்கு என்னைய ஒண்ணும் தெரியாதவளா ஆக்கிட்டீங்க. கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னா சென்சாருக்குத் தெரியாது. செஞ்சவளுக்கு அது தெரியும். திருடின உங்களுக்குத்தான் தெரியல!"

"என் வேலை போயிரும் ஷர்மிளா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை..."

"மாட்டேன்."

முதல்வர் தொண்டையைச் செருமினார். "சரி, உன் சஸ்பென்ஷன் ரத்து. ஐயாத்துரையை நான் கவனிச்சுக்கிறேன். விஷயம் இந்த நாலு சுவத்தோட இருக்கட்டும். காலேஜ் பேரு..."

"என்னையத் திட்டுனப்ப நாலு சுவருக்குள்ளயா திட்டுனீங்க?" என்றாள் ஷர்மிளா. "எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும். என் பேரு, ஒச்சம்மா அக்கா பேரு, வீரபாண்டி பேரு. மூணும் வரணும். வரலைன்னா நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். மேடம் கூட வருவாக."

"வருவேன்," என்றார் ரேணுகாதேவி.

வெளியே வந்ததும் ஷர்மிளா வீரபாண்டியிடம் போனாள். "தப்பாப் பேசிட்டேன்."

"பேசிட்ட," என்றான் அவன். "எல்லாரும் பாக்கச் சட்டையைப் பிடிச்ச. எங்க வீட்டு வரைக்கும் போயிருச்சு. உடனே எல்லாம் சரியாயிராது." லேப்டாப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவளால் அதற்குக் கோபப்பட முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மைதானத்தில் மாணவர்களை நிறுத்தினார்கள். ஐயாத்துரை வேலையை விட்டு நீக்கப்பட்டிருந்தார். சென்னை விழாக்காரர்களிடம் ரேணுகாதேவியே பேசியிருந்தார். முதல்வர் மைக் முன்னால் வந்து, குனிந்த தலையுடன் ஏதோ முணுமுணுத்தார். "நடந்த தவறுக்கு" என்ற சொல் மட்டும் காற்றில் வந்தது.

ஒச்சம்மாள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கத்தினாள்:

"இங்கிட்டுக் கேக்கல! சத்தமாச் சொல்லுங்க!"

யாரோ சிரித்தார்கள். ஆனால் அடுத்த கணம், பையன்கள் வரிசை நடுவிலிருந்து வீரபாண்டியின் குரல் எழுந்தது: "கேக்கல!" பிறகு இன்னொரு குரல், பின்பு பத்து, பின்பு மைதானம் முழுக்க. ஷர்மிளா பானு கத்தவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு முதல்வரையே பார்த்தபடி நின்றாள்.

அவர் மைக்கை இழுத்து வாயருகே வைத்தார். மூன்று பெயர்களையும் முதலிலிருந்து சொன்னார்.