அக்காவுக்கு மட்டும் ஊதிய விசில்

வீட்டை விற்பதற்கு முன் சாமான்களை ஒழித்துப்போட நானும் அக்காவும் பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே முன்பு ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பல வருடமாகிறது. இப்போது முழங்கால் உயரப் புல்தான்.

அப்பா நீராவி என்ஜின் டிரைவர். தன் வீட்டைக் கடக்கும்போது, குளிக்க வெந்நீர் வைக்கட்டும் என்று ஒவ்வொரு டிரைவரும் தன் பாணியில் விசில் ஊதுவார். எங்கள் அப்பா ஊதியது வெந்நீருக்கு அல்ல, அக்காவுக்கு. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அவள் ஜன்னலில் நின்று துண்டை ஆட்டுவாள். அவர் கரி படிந்த கையை ஆட்டுவார். பக்கத்தில் நானும்தான் நிற்பேன். எனக்கென்று ஒரு தடவைகூட ஊதியதில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. கொதிகலன் வெடித்துச் செத்த அன்றும் அவளுக்கு ஊதிவிட்டுத்தான் போனார். அழுகையைவிட வயிற்றெரிச்சல்தான் எனக்கு அதிகம் வந்தது.

பீரோவை நகர்த்தும்போது வெளிச்சம் மங்கியது. கரிப்புகை நாற்றம் வந்தது.

"யாராச்சும் குப்பை எரிக்கிறாங்களா?" என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னல் கதவு தடதடத்தது.

சின்னதாக இரண்டு.

நீளமாக ஒன்று.

"அப்பாதான்டீ..." அக்கா கிசுகிசுத்தாள். "என்னைக் கூப்பிடுறாரு."

 பயத்தையும் மீறி எனக்கு அந்தப் பழைய எரிச்சல். செத்த பிறகுமா இவளையே?

"நகருக்கா!"

அவள் கையிலிருந்த தூசித் துணியைப் பிடுங்கி, ஜன்னலில் நின்று ஆட்டினேன்.

புல் ஒரே வரிசையாகப் படுத்தது. ஏதோ ஒன்று வேகம் குறைந்து எனக்கு நேரே நின்றது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முகத்தில் அனல் மட்டும் அடித்தது.

பிறகு ஊதியது. நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று. நான் கேட்டே இராத விசில்.

எனக்கு.

இப்போது அது தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கே வருகிறது. எட்டாவது மாடி. பக்கத்தில் எங்கும் ரயில் இல்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறது.

அக்கா போன் செய்தாள்.

"இன்னைக்கும் வந்தாரா?"

"வந்தாரு."

"உனக்குத்தான் ஊதுனாரா?"

அவள் குரலில் பயம் இல்லை, எரிச்சல்தான். அந்த எரிச்சல் எனக்குத் தெரியாததா?

ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் கரிக்கை ஒன்று பதிந்திருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. நாளைக்கு ஆட்ட ஒரு துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.