ரெண்டாவது கையெழுத்து

"ஐயோ... கொலை!"

டோரீனின் அலறலில் கல்லறைக் காக்கைகள் கூட்டமாகப் பறந்தன.

ஸ்கார்த்வெல் தேவாலயத்தின் பின்னறை. சாவிக்குப் பொறுப்பான கிழவர் சிரில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் கனமான பித்தளைப் பூ ஜாடி. முதுகில் சிதறிய மஞ்சள் டாஃபடில்கள்... செலவில்லாத மலர்வளையம்!

ஊரின் மக்கள்தொகை ஒன்பது.

இப்போது எட்டு!

சார்ஜெண்ட் ஃபிரான், கான்ஸ்டபிள் விக்ஸுடன் சாவகாசமாக வந்து சேர்ந்தாள். எட்டுப் பேருக்காக யார் சைரன் போடுவார்கள்?

இரும்புப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே கல்யாணப் பதிவேடு. நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

"1837ல ஆரம்பிச்ச புத்தகம், சார்ஜெண்ட். இன்னும் பாதிகூட நிரம்பல!" என்றான் விக்ஸ்.

"இந்த ஊர்ல சாகவே நேரம் பத்தல. கல்யாணம் எங்க பண்றது? கிழிஞ்ச தாள்ல யாரு இருந்தாங்க?"

"நான்தான்!" டோரீன் மூக்கைச் சிந்தினாள். "எழுபத்திமூணுல எனக்கும் ஆம்ப்ரோஸுக்கும் இங்கதான் கல்யாணம். அவர் போய் ஒரு மாசம்கூட ஆகல... 'நீ பொண்டாட்டியே இல்ல, பண்ணை வீட்டைக் காலி பண்ணு'ங்கறான் அவரோட அண்ணன் மகன் குவென்டின். நாளைக்கு வக்கீல் இந்தப் புத்தகத்தைப் பார்க்க வர்றாரு. சாட்சிங்க ரெண்டு பேரும் செத்தாச்சு. எனக்கு இதை விட்டா வேற ஆதாரமே இல்ல!"

"நகரத்துக்கு நகல் போயிருக்குமே?"

"அப்ப இருந்த பாதிரி அனுப்பினாத்தானே? காலையிலயே பிராந்தி வாடை வீசும்!"

கதவு தடாலென்று திறந்தது. குவென்டின்!

"இவளைச் சித்தின்னு கூப்பிடணுமாம்! சமையல்காரி!"

"கொலைகாரப் பாவி! தாளைக் கிழிச்சவன் நீ! தடுத்த சிரிலை அடிச்சுக் கொன்னவனும் நீ!"

விக்ஸ் விலங்கை எடுத்தான்.

"பொறு, விக்ஸ்." ஃபிரான் குவென்டினைப் பார்த்தாள். "உங்க கல்யாணம் எங்க நடந்துச்சு?"

"இதே கோயில்ல. தொண்ணூத்திநாலுல. அதுக்கென்ன இப்ப?"

"எத்தனை கையெழுத்துப் போட்டீங்க?"

"ரெண்டு. ஒரே மாதிரி ரெண்டு புத்தகம் வெச்சாங்க. மாப்பிள்ளை, பொண்ணு, சாட்சி... எல்லாரும் ரெண்டுலயும் போடணும். என் பொண்டாட்டி அன்னிக்குத் தூக்கின முகத்தை இன்னும் இறக்கல."

"நீங்க, டோரீன்?"

"ஒ... ஒண்ணுதான். சந்தோஷத்துல சரியா ஞாபகம்..."

ஃபிரான் சிரித்தாள்.

"நானும் ஒரு கோயில்ல ரெண்டு கையெழுத்துப் போட்டவதான். விவாகரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அதான் அது மட்டும் சுலபமா முடிஞ்சுது! குவென்டின் வந்திருந்தா ரெண்டு புத்தகத்தையும் கிழிச்சிருப்பாரு. ஒண்ணை மட்டும் கிழிச்சவங்க... இங்க கல்யாணமே ஆகாதவங்க!"

டோரீனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"பெட்டியில... ஒரு புத்தகம்தானே இருந்துச்சு?"

ஃபிரான் குனிந்தாள். மூலையில் டீ மேஜை. ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு தடித்த பச்சைப் புத்தகம்!

டோரீன் ஞாயிறு தவறாமல் டீ ஊற்றிய அதே மேஜை!

விக்ஸ் மேஜையைத் தூக்கினான். கோப்பைகள் உருண்டன. ஃபிரான் பக்கத்தைப் புரட்டினாள். கிழிந்த தாளில் இருந்தவை அறுபதுகளில் நடந்த நாலு கல்யாணங்கள். அடுத்த பக்கத்தில் நேரே குவென்டின்!

எழுபத்திமூன்று...?

இல்லவே இல்லை!

"தாள் போயிட்டா என் பேரும் அதுல இருந்துச்சுன்னு நம்புவாங்கன்னு நினைச்சேன்..." டோரீன் நாற்காலியில் சரிந்தாள். "கிழிக்கும்போது சிரில் வந்துட்டாரு. முப்பது வருஷம் ஆம்ப்ரோஸோட பூட்ஸ்ல சாணி துடைச்சேன், சார்ஜெண்ட். 'அடுத்த வசந்தத்துல கல்யாணம்'னு சொல்லிச் சொல்லியே செத்தான். அந்த முப்பது வருஷத்தை எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?"

ஃபிரான் பச்சைப் புத்தகத்தை மூடினாள்.

"எதுலயும் இல்ல," என்றாள் ஃபிரான். "ஆம்ப்ரோஸைப் போட்டுத் தள்ளியிருந்தா நானே பூ வாங்கிட்டு வந்திருப்பேன். சிரில் என்ன பாவம் பண்ணினாரு?"

குவென்டின் கைதட்டினான். "அப்ப வீடு எனக்கு!"

"உங்களுக்கேதான். இனிமே உங்க பூட்ஸை நீங்களே துடைங்க!"

விலங்கு க்ளிக்கென்று பூட்டியது.

"வாங்க, டோரீன். ஸ்டேஷன்லயும் ஒரு பதிவேடு இருக்கு. பயப்படாதீங்க... அங்க ஒரே கையெழுத்துதான்!"