நன்றாக வந்த நான்கு பாட்டுகள்

நாமக்கல் துப்பறிவாளர் அன்பரசுவின் அலுவலகத்துக்குள் ஜெபஸ்டின் நுழைந்ததுமே உதவியாளர் சௌந்திரம் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். சேலத்து ராக் குழு ஒன்றுக்குப் பாட்டெழுதியே தலை நரைத்தவர். குழு உடைந்து வெகுகாலம் கழித்து, தனியாகப் போட்ட முதல் ஆல்பம் அப்போதுதான் வெளியாகியிருந்தது.

"எட்டுப் பாட்டுங்க. முதல் நாலையும் கொண்டாடுறாங்க. பின்னால வர்ற நாலுலயும் கீச்சுச் சத்தமாம், காது கூசுதாம். எல்லாத்தையும் நான் வீட்லயேதான் பதிவு பண்ணேன். என் பிரதியில அப்படி ஒரு சத்தமே இல்ல. நெட்ல ஏத்துனவன் ஸ்டுடியோ ஜெகதீஸ்வரன். கெடுத்ததும் அவனாத்தான் இருக்கணும்."

குருவிபோல் கத்தும் வாசல் மணி அடித்தது. சௌந்திரம் எழுந்தாள். பேச்சின் நடுவில் இவள் ஏன் எழுந்து போகிறாள் என்று ஜெபஸ்டின் முகம் சுளித்தார்.

"அவர்கிட்ட எப்பக் குடுத்தீங்க?" என்றார் அன்பரசு.

"முதல் நாலு ஈஸ்டருக்கு முன்னாடி. மீதி ரொம்பத் தள்ளி. நடுவுல எழுதவே ஓடல. எங்க கிட்டார் மதியழகன் ஈஸ்டர் வாரத்துல மோகனூர்ல படுக்கையில கெடந்து இறந்துட்டான். குழு உடைஞ்சப்பவே எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. சாவுக்கும் நான் போகல."

மறுநாள் சேலத்துக்குப் போகும் வழியெல்லாம் ஜெகதீஸ்வரன்தான் குற்றவாளி என்று சௌந்திரம் சாதித்தாள். அன்பரசு சிரித்ததோடு சரி.

ஜெபஸ்டின் வீட்டுப் பதிவு அறையில் ஜெகதீஸ்வரனும் வந்து காத்திருந்தார். அன்பரசு நேரே போய் மின்விசிறியை நிறுத்தினார். அறைக்குள் துருப்பிடித்த கீச்சொலி ஒன்று அடங்கியது. சௌந்திரத்துக்குக் காதுக் கூச்சம் விட்டதுபோல் இருந்தது.

"புழுக்கமா இருக்கே, எதுக்கு நிறுத்துறீங்க?" என்றார் ஜெபஸ்டின்.

அன்பரசு ஜெபஸ்டினின் சொந்தப் பிரதியிலிருந்து முதல் பாட்டை ஓடவிட்டார். எல்லோரும் புகழ்ந்த பாட்டு. அதிலும் அதே கீச்சொலி. சௌந்திரம் திடுக்கிட்டாள்.

"சார், எட்டுலயும் இந்த ஃபேன் சத்தம் இருக்கு. இந்த மாதிரிக் கீச்சுச் சத்தம் உங்க காதுக்கு எட்டல, அவ்வளவுதான். நேத்து எங்க காலிங் பெல்லும் எட்டல. கெட்டுப்போன பாட்டுகளை யாரும் தொடலைங்க. நல்லா வந்த நாலைத்தான் தொட்டிருக்காங்க. அதுவும் ஈஸ்டரோட நின்னுபோச்சு."

ஜெபஸ்டின் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அன்பரசு ஜெகதீஸ்வரனைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார் ஜெகதீஸ்வரன் தலை குனிந்து. "காதைப் பத்திச் சொன்னா அண்ணன் மனசு ஒடிஞ்சு போயிருமுன்னு பயந்துட்டேனுங்க. மொத நாலையும் மதியண்ணன் ஊட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். அவருதான் சத்தத்தைத் துடைச்சு, நடுவுல கிட்டாரும் வாசிச்சாரு. அவன்கிட்டச் சொல்லீராதேன்னு கையப் புடிச்சுக் கேட்டாருங்க. அவரு போனப்பறம் எனக்குத் தெரிஞ்ச மட்டும் துடைச்சுப் பாத்தேன், போகலீங்க. இருந்தபடியே ஏத்திட்டேன்."

"முடியாதவனா கெடந்தப்பவா வாசிச்சான்?" என்றார் ஜெபஸ்டின்.

"சாஞ்சு உக்காந்துதானுங்க வாசிச்சாரு."

இத்தனை நேரம் ஜெகதீஸ்வரனை முறைத்துக்கொண்டிருந்த சௌந்திரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியான பாட்டை ஜெபஸ்டின் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டார். கண்ணை மூடினார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

"அவன் கிட்டார் எங்கடா வருது?"

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடிங்க. மெல்லிசான கடைசிக் கம்பியில, ரொம்ப மேல் சுரத்துல."

கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்குக் காதுல விழலடா. நீ பாடிக் காட்டு. கட்டைக் குரல்ல."

ஜெகதீஸ்வரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தாழ்ந்த குரலில் முணுமுணுக்க ஆரம்பித்தார். ஜெபஸ்டின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.