தம்பிக்குப் பூசிய நிழல்

விளக்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்த பிறகும் சுவரில் தம்பியின் நிழல் விழவில்லை.

ஓவியக்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிழலை ஏமாற்றுவதுதானே அவள் தொழிலே. அவள் துணியில் மனிதரை வரைய மாட்டாள். மனிதர் மேலேயே வரைவாள். மூக்கோரம் கருநீலக் கோடு, கன்னத்தில் வெள்ளைப் பூச்சு, சட்டை மடிப்பில் பொய் நிழல், நாற்காலிக்கும் பின்சுவருக்கும் அதே வண்ணம். எதிரே நின்று பார்த்தால் உட்கார்ந்திருக்கும் ஆள் தட்டையான படமாகிவிடுவான். படம் கண் சிமிட்டியதும் பார்க்க வந்தவர்கள் அலறுவார்கள். இது ஓவியமா சிலையா என்று விமர்சகர்கள் அடித்துக்கொள்வதில் அவளுக்கு ஒரே குஷி.

தண்ணீர் பட்டால் கரைகிற வண்ணம், குளித்தால் போய்விடும் என்று தாஜா பண்ணித்தான் தம்பியை உட்கார வைத்திருந்தாள்.

"அக்கா, மூக்கு அரிக்குது. சொறிஞ்சுக்கவா?"

"கைய எடுத்தே, தொலைச்சுடுவேன். இன்னும் கொஞ்ச நேரம்டா."

"உன்கூடப் பொறந்ததுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

சிரித்துக்கொண்டே தூரிகையைக் குவளையில் அலசினாள். மின்விசிறியின் கிரீச், பசையின் புளித்த வாடை, தெருவில் யாரோ கதவடைக்கும் சத்தம், சாயங்கால வெளிச்சம் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குவது எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் அறைக்குள் ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது. அது அவளுடையது.

காதுக்குப் பின்னால் பூச மறந்தது நினைவு வந்து, சுவரோரமாகப் போய்ப் பக்கவாட்டில் குனிந்தாள்.

அங்கே தம்பி இல்லை. மூக்கு இல்லை, முழங்கால் இல்லை, நாற்காலிக் கால்கூட இல்லை. வெறும் சுவர்.

பதறி எதிரே ஓடி வந்தாள். இருந்தான்.

"எங்கக்கா போனே? திடீர்னு எல்லாம் இருட்டாயிடுச்சு."

தோளைப் பிடிக்கக் கை நீட்டினாள். உள்ளங்கை சுவரில் படிந்தது. சில்லென்றிருந்தது. தோள் இல்லை.

"கைய எடுக்கா. மூச்சு முட்டுது."

"ஒண்ணுமில்லடா. கழுவிட்டா சரியாயிடும்."

ஈரத் துணியால் அவன் சுண்டுவிரலை மட்டும் துடைத்தாள். வண்ணம் வந்தது. விரலும் வந்தது. அது இருந்த இடத்தில் சுவரின் பழைய ஆணித் துளை.

"சுண்டுவிரல்ல உணர்ச்சியே இல்லக்கா. என்ன பண்ணினே?"

துணியைத் தூர வீசினாள். ஃபோன் பக்கத்து அறையில். எதிரிலிருந்து ஓரடி நகர்ந்தாள், அவன் குரல் பாதியில் அறுந்தது. திரும்ப வந்து நின்றாள்.

"போகாதேக்கா."

"போகலடா. எங்கயும் போகல."

அவனுக்குப் புரிந்துவிட்டது. கண் ஓரத்தில் ஒரு பளபளப்பு. அதை அவள் வரையவில்லை.

"அழாதேடா. என் ராசா இல்ல, அழாதே."

அழாதே என்றால் அதிகமாக அழுகிறவன் அவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முதல் துளி உருண்டது. அது போன வழியெல்லாம் கன்னத்தில் மெல்லிய கோடாகச் சுவர் தெரிந்தது. துளி உதட்டை நெருங்கியது.

"அக்கா, வாய்..."

துடைக்கக் கை நீட்டினாள். துடைக்க முடியாது. நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

மற்றக் கண்ணும் நிறைந்தது.